மொஸ் பார்க் பக்கம் புதுக் கொண்டோ வாங்குவதற்கு முன்

ஒவ்வொரு வீடும் ஒவ்வொருவருக்குச் சொந்தமாகும் மாடிக் கட்டடம்தான் கொண்டோ. கட்டி முடியும் முன்பே அதை விற்கும் பில்டரின் விற்பனைக் கூடத்துக்குள் நுழைந்ததும் கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டடத்தின் சிறு மாதிரி ஒன்று இருக்கும். நடுவில் நீங்கள் வாங்கப்போகும் கோபுரம், உள்ளே குட்டி விளக்குகள் எரியும், பால்கனியில் குட்டி நாற்காலி கூட இருக்கும். சுற்றியுள்ள கட்டடங்கள் எல்லாம் பெயரில்லாத வெள்ளைக் கட்டைகள். அந்தக் கட்டைகளில் ஒன்று வீடில்லாதவர்கள் இரவு தங்கும் ஷெல்டர், ஒன்று சமூக வீடமைப்பு மாடி. இன்னொன்று இன்றைக்குப் பார்க்கிங் நிலம்தான், ஆனால் உங்கள் பால்கனிக்கு நேரெதிரே இன்னொரு கோபுரம் எழும்புவதற்கு விண்ணப்பம் போட்டாயிற்று. எது எது என்று அங்கே யாரும் தாமாகச் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் தெருவில் இறங்கிக் கண்டுபிடிக்க வேண்டும். அதைச் செய்வது எப்படி என்பதும், அதற்குப் பிறகு காகிதத்திலும் காசிலும் எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதும்தான் கீழே வருவது.

நான் சொல்வது ரொறன்ரோ டவுன்டவுனின் கிழக்குப் பக்கம். ஜார்விஸ் தெருவைத் தாண்டி டான் ஆறு வரைக்கும் உள்ள மொஸ் பார்க், ரீஜன்ட் பார்க், கார்க்டவுன், மேலே செயின்ட் ஜேம்ஸ் டவுன். நம் சனத்துக்கு இது புது இடமே இல்லை. 80களின் கடைசியில் வந்திறங்கியவர்களில் பலர் வெல்லெஸ்லி, பார்லிமென்ட் சந்திக்குப் பக்கத்து மாடிகளில்தான் கனடா வாழ்க்கையைத் தொடங்கினார்கள். கொஞ்சம் காசு சேர்ந்ததும் ஸ்கார்பரோ, மார்க்கம், ஏஜாக்ஸ் என்று கிழக்கே போய்விட்டோம். இப்போது பிள்ளைகள் டவுன்டவுனில் வேலை, நடந்து போகிற தூரத்தில் வீடு வேண்டும் என்று அதே பக்கம் திரும்புகிறார்கள். வீட்டில் சொன்னால் அம்மா "அந்தப் பக்கமோ? உனக்கு வேற இடமே கிடைக்கேல்லையா?" என்கிறார். ஏஜென்ட் "அஞ்சு வருஷத்தில பாருங்கோ, இடமே மாறிப்போயிடும்" என்கிறார். அம்மா சொல்வது 1991இன் தெரு, ஏஜென்ட் சொல்வது இன்னும் வராத தெரு. இன்றைக்கு இருக்கிற தெருவை நீங்களே போய்ப் பார்த்தால்தான் உண்டு.

முதலில் நடந்து பாருங்கள்

காரில் போய் விற்பனைக் கூடத்து வாசலில் இறங்கி, பார்த்துவிட்டு அப்படியே ஏறி வருவது பார்த்த கணக்கில் சேராது. ஷெர்போர்ன் ஸ்டேஷனில் இறங்கி 75ஆம் இலக்க பஸ் எடுங்கள், அல்லது குவீன், டன்டாஸ் வழியே போகும் 501, 505 ஸ்ட்ரீட்கார். நாளைக்கு எந்த நிறுத்தத்தில் இறங்குவீர்களோ அங்கேயே இறங்கி, கையில் இரண்டு பையோடு அந்த முகவரி வரைக்கும் நடக்க வேண்டும். ஒரு தடவை போதாது. வேலை நாள் காலை 8 மணி, சாயங்காலம், வெள்ளி இரவு 11 மணி என்று குறைந்தது மூன்று தடவை. முடிந்தால் குளிர்காலத்தில் ஒருமுறை. கோடையில் எல்லோரும் ஆலன் கார்டன்ஸ் புல்வெளியில் பரவி இருப்பார்கள், தெரு அமைதியாகத் தெரியும். ஜனவரியில் அதே ஆட்கள் கட்டட வாசல், பஸ் தரிப்பிடம், ஏடிஎம் அறை என்று சூடுள்ள இடம் தேடுவார்கள். உங்கள் லாபிக் கதவும் அந்தப் பட்டியலில் வரும்.

நடக்கும்போது மனதுக்குள் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று சங்கடம், மற்றது ஆபத்து. ஒருவர் தனக்குத்தானே சத்தமாகப் பேசிக்கொண்டு போவது, படிக்கட்டில் ஒருவர் படுத்திருப்பது, சில்லறை கேட்பது எல்லாம் பெரும்பாலும் முதல் வகை, இரண்டு மாதத்தில் பழகிவிடும் அல்லது பழகவே பழகாது, அது ஆளைப் பொறுத்தது. உங்களால் முடியாது என்றால் வெட்கப்படாமல் ஒத்துக்கொள்ளுங்கள், வேறு இடம் பாருங்கள். இரவு வேலை முடிந்து தனியாக வருபவர், சின்னப் பிள்ளை உள்ளவர், வயதான பெற்றோரோடு இருக்கப்போகிறவர் ஆகியோருக்குக் கணக்கு வேறு. மனைவியோ தங்கையோ அந்த வீட்டில் இருக்கப்போகிறார் என்றால் அவரே நடந்து பார்க்கட்டும். "நான் பார்த்தேன், பரவாயில்லை" என்று ஆண்கள் சொல்வதை அப்படியே எடுக்கக்கூடாது.

ரொறன்ரோ பொலிஸின் தரவுத் தளத்தில் நகரத்தை 158 அயல்பகுதிகளாகப் பிரித்து, எந்த வகைக் குற்றம் எத்தனை என்று வரைபடத்தோடு போட்டிருக்கிறார்கள். பாருங்கள், ஆனால் மொத்த எண்ணைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், குறைகிறது என்று யாரோ வெட்டி ஒட்டிய ஒரு கோட்டை நம்பவும் வேண்டாம். வகை வகையாகப் பிரித்து, சில ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். குடியிருப்பவர்களின் தொகையை வைத்து வீதம் கணக்கிடும்போது டவுன்டவுன் எப்போதும் மோசமாகத்தான் தெரியும், ஏனென்றால் பகலில் வந்து போகிற கூட்டம் அந்தத் தொகையில் இல்லை.

இதையெல்லாம் விட நல்ல தகவல் நாயோடு நடப்பவர்களிடம் கிடைக்கும். பக்கத்தில் ஏற்கெனவே இருக்கிற கொண்டோக்களின் முன்னால் சாயங்காலம் ஒரு அரைமணி நேரம் நின்றால் நாலு பேராவது வருவார்கள், கதைத்துப் பாருங்கள். "இங்கே பாதுகாப்பா?" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். பார்சல் அறையில் எத்தனை தடவை களவு போனது, கார் நிறுத்துமிடத்துக் கதவு திறந்து மூடுவதற்குள் யாரும் பின்னால் நுழைகிறார்களா, சைக்கிள் அறையில் உங்கள் சைக்கிளை வைப்பீர்களா, மெயின்டனன்ஸ் கட்டணம் முதல் வருடம் எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேளுங்கள். சைக்கிளைப் பற்றிய கேள்விக்குப் பெரும்பாலும் சிரிப்புதான் பதில்.

'மாறப்போகிறது' என்பதற்கு எவ்வளவு காசு கொடுக்கிறீர்கள்?

இந்தப் பக்கம் மாறவில்லை என்று நான் சொல்லவில்லை. ரீஜன்ட் பார்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1940களின் கடைசியில் கட்டத் தொடங்கிய சமூக வீடமைப்பு, 69 ஏக்கர், 2,083 வாடகை வீடுகள். 2005இல் இடித்துத் திருப்பிக் கட்ட ஆரம்பித்தார்கள். 2012இல் நீச்சல் குளமும் கலை மையமும் திறந்தார்கள், இரண்டுமே அருமையாக இருக்கின்றன. ஆனால் 20 ஆண்டு கழிந்தும் அங்கே வேலை முடிந்தபாடில்லை. அதுவும் எப்படிப்பட்ட இடம்? நிலம் முழுக்க நகரத்தின் வீடமைப்பு நிறுவனம் ஒன்றின் கையில், ஒரே திட்டம், ஒரே வரைபடம். மொஸ் பார்க்கில் அப்படி ஒரே கை கிடையாது, ஒவ்வொரு மூலையாக ஒவ்வொரு பில்டர் வாங்கிக் கட்டுகிறார், நடுவில் உள்ளவை அப்படியே இருக்கின்றன. அங்கே "அஞ்சு வருஷம்" என்பது வெறும் வியாபாரப் பேச்சு.

ஒன்ராறியோ லைன் என்ற புது சப்வே பாதை வருகிறது, அது நிஜம். 15 ஸ்டேஷன், அதில் ஒன்று குவீன், ஷெர்போர்ன் சந்தியிலேயே. திறப்பது 2030களில். அதுவரைக்கும் கிடைப்பது தோண்டிய குழியும் தகரவேலியும்தான். குவீன் தெருவில் பேயிலிருந்து விக்டோரியா வரையுள்ள துண்டை 2023 மே மாதத்தில் மூடி, ஸ்ட்ரீட்காரையே சுற்றுவழியில் விட்டார்கள். குடியேறிய பிறகு சில வருடம் நீங்கள் வாழப்போவது கட்டுமானத் தளத்துக்குப் பக்கத்தில், இதை விற்பனைப் படத்தில் வரையமாட்டார்கள்.

ஷெல்டர்களும் அப்படித்தான், அவை கிளம்பிவிடும் என்று எண்ணி வாங்காதீர்கள். அவை நகரத்துக்குத் தேவையான சேவைகள், பல பத்தாண்டுகளாக அங்கேயே இருப்பவை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்தாலும் பரவாயில்லை. ஷெல்டருக்கு எதிரே இருக்கிறது என்பதால் குறைந்த விலைக்கு வாங்கிவிட்டு, குடியேறிய ஆறாம் மாதம் அதை மூடச் சொல்லி மனு எழுதுகிற ஆட்கள் எல்லாக் கட்டடத்திலும் இருப்பார்கள். நாமும் ஒரு காலத்தில் நாலு பேர் ஒரு அறையில் படுத்து, 'இந்தச் சனம் வந்து இடம் கெட்டுப்போச்சு' என்ற பேச்சை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தானே.

உண்மையில் அந்தத் தள்ளுபடி கிடைக்கிறதா என்பதே சந்தேகம். இதைச் சோதிக்க ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. புதுத் திட்டத்தின் சதுர அடி விலையை எடுங்கள். அதே தெருவில், அதிகம் போனால் இரண்டு சந்தி தள்ளி, 8 அல்லது 10 வருடப் பழைய கொண்டோவில் கடந்த ஆறு மாதத்தில் விற்ற வீடுகளின் சதுர அடி விலையை ஏஜென்டிடம் கேட்டு வாங்குங்கள், கேட்ட விலை வேண்டாம், விற்ற விலை. புதுசின் விலை கொஞ்சம் அதிகமாக இருப்பது நியாயம். மிக அதிகமாக இருந்தால் அந்த வித்தியாசம்தான் இன்னும் வராத மாற்றத்துக்கு நீங்கள் முன்கூட்டியே கட்டும் காசு, வந்தால் அதன் லாபத்தை பில்டர் ஏற்கெனவே எடுத்தாயிற்று, வராவிட்டால் நட்டம் உங்களுடையது.

அப்படியே நகரசபைத் தளத்தில் உள்ள கட்டட விண்ணப்ப வரைபடத்தையும் திறந்து, உங்கள் முகவரியைச் சுற்றி என்னென்ன விண்ணப்பம் இருக்கிறது என்று பாருங்கள். எத்தனை மாடி, எங்கே வருகிறது, எந்த நிலையில் இருக்கிறது எல்லாம் அதில் இருக்கும். பால்கனிக் காட்சிக்காக அதிகக் காசு கொடுக்கும் முன் இதைப் பார்க்காதவர்களை எனக்குத் தெரியும். காட்சிக்கு எந்த ஒப்பந்தமும் உத்தரவாதம் தராது.

பத்து நாள்

ஒன்ராறியோவில் பில்டரிடமிருந்து புதுக் கொண்டோ வாங்குபவருக்குச் சட்டம் 10 நாள் தருகிறது. கையெழுத்தான ஒப்பந்தம், வெளிப்படுத்தல் அறிக்கை (கட்டடத்தின் விவரம், விதிகள், வரவுசெலவு அடங்கிய பில்டரின் பத்திரம்), வாங்குபவருக்கான அரசுக் கையேடு ஆகிய மூன்றில் கடைசியாக எது கைக்கு வந்ததோ அதிலிருந்து எண்ண வேண்டும், சனி ஞாயிறும் சேர்த்து. அதற்குள் காரணமே சொல்லாமல் எழுத்தில் அறிவித்து விலகலாம், கட்டிய காசு திரும்பி வரும். பழைய கொண்டோவை இன்னொருவரிடமிருந்து வாங்கும்போது இந்தச் சலுகை கிடையாது. ஆகவே முதல் நாளே லோயரைப் பிடியுங்கள். ஒன்பதாம் நாள் இரவு 200 பக்கத்தை அனுப்பிவிட்டுக் காலையில் பதில் கேட்டால் அவர் என்னதான் செய்வார். பில்டரோ ஏஜென்டோ கைகாட்டுகிற லோயர் வேண்டாம்.

பில்டருக்கு உரிமம் இருக்கிறதா, அவர்மேல் நடவடிக்கை ஏதும் எடுத்திருக்கிறார்களா என்பதை எச்சிஆர்ஏ என்ற ஒழுங்குமுறை அமைப்பின் பில்டர் பட்டியலில் இலவசமாகப் பார்க்கலாம், 2021 பெப்ரவரியிலிருந்து உரிமம் கொடுப்பது அவர்கள்தான். முன்பு எத்தனை கட்டடம் முடித்தார், எதையாவது பாதியில் கைவிட்டாரா என்று பாருங்கள். பிறகு அவர் முடித்த ஒன்றின் வாசலில் போய் நில்லுங்கள், மறுபடியும் நாய்க்காரர்கள்தான்.

லோயரிடம் குறிப்பாகக் கேட்க வேண்டியவை சில. பில்டர் எந்தெந்த நிபந்தனை நிறைவேறாவிட்டால் திட்டத்தையே ரத்துச் செய்யலாம்? அது ஒப்பந்தத்தோடு வரும் தகவல் தாளில் இருக்கும், போதிய வீடு விற்கவில்லை, கடன் கிடைக்கவில்லை போன்ற காரணங்கள் அதில் வரும். குடியேறும் தேதி என்று மூன்று நான்கு தேதி போட்டிருப்பார்கள், அதில் கடைசியானதையே உங்கள் தேதியாக எடுத்துக்கொள்ளுங்கள், விற்பனைக் கூடத்தில் வாயால் சொன்னதை மறந்துவிடுங்கள். நகரசபை அபிவிருத்திக் கட்டணம், மீட்டர் இணைப்பு, பூங்காக் கட்டணம் என்று க்ளோசிங் அன்று, அதாவது மிச்சக் காசைக் கட்டி வீட்டை உங்கள் பெயருக்கு மாற்றும் நாளில், உங்கள் தலையில் ஏற்றப்படும் தொகைக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறதா? போடவில்லை என்றால் இந்தப் பத்து நாளுக்குள் போடச் சொல்லிக் கேட்பதுதான் சரியான நேரம், பிறகு யாரும் காது கொடுக்கமாட்டார்கள். அசைன்மென்ட் போட, அதாவது க்ளோசிங்குக்கு முன்பே ஒப்பந்தத்தை இன்னொருவருக்கு விற்க, அனுமதி உண்டா, எவ்வளவு கட்டணம்? கட்டடம் கொண்டோவாகச் சட்டப்படி பதிவாகும் முன் வாடகைக்கு விடலாமா? சதுர அடியை எப்படி அளந்திருக்கிறார்கள்? வெளிச்சுவரின் வெளிப்பக்கத்திலிருந்தும் பொதுச்சுவரின் நடுவிலிருந்தும் அளப்பதால் 500 சதுர அடி என்று வாங்குகிற வீட்டில் நீங்கள் நடக்கிற இடம் அதைவிடக் குறைவுதான்.

டெபாசிட் காசோலையை பில்டரின் லோயருடைய நம்பிக்கைக் கணக்கின் (ட்ரஸ்ட், வாங்குபவரின் காசைப் பிரித்து வைக்கும் கணக்கு) பெயருக்கு மட்டும் எழுதுங்கள். கொண்டோ டெபாசிட்டுக்கு டேரியன் என்ற புதுவீட்டு உத்தரவாத அமைப்பு 20,000 டொலர் வரை காப்பு தருகிறது. அதற்கு மேற்பட்ட தொகைக்குக் கொண்டோச் சட்டத்தில் உள்ள நம்பிக்கைக் கணக்கு விதிதான் உங்களுக்கு அரண்.

வெளிப்படுத்தல் அறிக்கையில் எல்லோரும் தாண்டிப்போகிற பக்கம் முதலாண்டு வரவுசெலவு. இந்தப் பகுதியில் வாங்குபவர் அதைத்தான் முதலில் திறக்க வேண்டும். அதில் பாதுகாப்பு என்ற வரியைத் தேடுங்கள். 24 மணி நேரமும் ஆள் இருக்கிறாரா, பகலில் மட்டுமா, ஆளே இல்லாமல் கேமராவா? சதுர அடிக்கு இத்தனை சதம்தான் மெயின்டனன்ஸ் என்று கவர்ச்சியாகக் காட்டுவதற்கு முதலில் வெட்டுவது இந்த வரியைத்தான். குடியேறிய பிறகு நாலு களவு நடந்ததும் எல்லோரும் கூடி இரவுக் காவலுக்கு வாக்களிப்பீர்கள், கட்டணம் ஒரே தாவாகத் தாவும். முதலாண்டில் பில்டர் காட்டிய வரவுசெலவைவிடச் செலவு கூடினால் அந்த வித்தியாசத்தை அவரே கட்ட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, இரண்டாம் ஆண்டிலிருந்து அது உங்கள் காசு. பக்கத்து வாடகைக் கட்டடத்தோடு பார்க்கிங் சரிவு, குப்பை இடம், பாதை எதையாவது பகிர்கிறீர்களா, அந்தச் செலவு எப்படிப் பிரிகிறது என்பதையும் இதே மூச்சில் கேட்டுவிடுங்கள்.

காசு இடிக்கும் இடங்கள்

2021, 2022இல் கையெழுத்திட்ட பலருக்குக் கடைசியில் வெடித்தது இதுதான். வங்கி உங்களுக்குக் கடன் தருவது நீங்கள் ஒத்துக்கொண்ட விலைக்கு இல்லை, க்ளோசிங் நேரத்தில் வீட்டின் மதிப்பு எவ்வளவோ அதற்கு. 700,000 டொலருக்கு ஒப்பந்தம், 20 வீதம், அதாவது 140,000 டெபாசிட் கட்டிவிட்டீர்கள், மிச்சம் 560,000. நாலு வருடம் கழித்து மதிப்பீட்டாளர் வந்து 600,000தான் பெறும் என்கிறார். வங்கி அதில் 80 வீதம், 480,000 தரும். மிச்ச 80,000 டொலரைக் கையிலிருந்து காசாக வைக்க வேண்டும், அதற்கு மேல் க்ளோசிங் செலவு. 2021இல் கையெழுத்துப் போட்டபோது கனடா வங்கியின் வட்டி 0.25 வீதம், 2023 ஜூலையில் 5 வீதம். இரண்டும் சேர்ந்து இடித்ததில் டெபாசிட்டை விட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு, ஆனால் ஓடினாலும் பில்டர் நட்டத்துக்கு வழக்குப் போடலாம். வாங்கும் விலையில் 15 வீதம் விழுந்தால் என்ன செய்வேன் என்று இன்றே ஒரு தாளில் எழுதிப்பாருங்கள். பதில் "அப்பாவின் வீட்டை அடகு வைப்பேன்" என்று வந்தால் வாங்காதீர்கள்.

அப்புறம், சாவி கிடைத்த அன்று வீடு உங்கள் பெயருக்கு வந்துவிடாது. கட்டடம் பதிவாகும் வரை மிச்சத் தொகைக்கான வட்டி, சொத்து வரி மதிப்பீடு, பொதுச் செலவு மூன்றையும் சேர்த்து மாதா மாதம் பில்டருக்குக் கட்ட வேண்டும். அதில் ஒரு சதம்கூடக் கடனில் கழியாது. எனக்கு ஏழு மாதம் இழுத்தது. கீழ்மாடிக்காரர் முதலில் குடியேறி அதிக நாள் கட்டுவார், மேல்மாடிக்காரர் கடைசியில் வந்து குறைவாகக் கட்டுவார் என்பதுகூட எனக்கு அப்போதுதான் உறைத்தது.

ரொறன்ரோவில் நில மாற்று வரி இரண்டு தடவை, மாகாணத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று. முதல் வீடு என்றால் மாகாணம் 4,000 டொலர் வரையும் நகரம் 4,475 டொலர் வரையும் கழித்துவிடும். விளம்பர விலையில் எச்எஸ்டி என்ற விற்பனை வரி சேர்ந்திருக்கும், ஆனால் பெரும்பாலும் நீங்களோ நெருங்கிய குடும்பமோ குடியிருக்கப்போவதாக வைத்து, அதற்குக் கிடைக்கும் வரிக்கழிவைக் கழித்த பிறகு. வாடகைக்கு விடப்போகிறீர்கள் என்றால் அந்த வரிக்கழிவுத் தொகையை க்ளோசிங் அன்று முழுசாகக் கட்டி, குத்தகைத் தாளோடு விண்ணப்பித்துத் திருப்பி எடுக்க வேண்டும், மாகாணப் பங்கு மட்டுமே 24,000 டொலர் வரை போகும். 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாகக் குடியேறிய வீடுகளுக்கு மாகாணத்தின் வாடகை உயர்வு வரம்பு இல்லை. வாங்குபவருக்கு இது இனிக்கும், ஆனால் ஒரே நேரத்தில் அதே கட்டடத்தில் நூறு பேர் வாடகைக்கு விடும்போது நீங்களாகவே விலையைக் குறைப்பீர்கள். ஏர்பிஎன்பி போட்டுச் சமாளிக்கலாம் என்ற கணக்கும் ஓடாது, நீங்கள் நிஜமாகக் குடியிருக்கும் வீட்டைத்தான் அப்படி விடலாம், முழு வீடென்றால் வருடத்துக்கு 180 இரவு.

சாவி வாங்கும் நாள்

பில்டரின் ஆளோடு வீட்டைச் சுற்றிப் பார்க்கும் நாளில் அவர்கள் அவசரப்படுத்துவார்கள். எனக்கு 40 நிமிடம்தான் தந்தார்கள். சுவரில் கீறல், கதவுப் பிடி என்று கவனமாக எழுதிய நான் பாத்திரம் கழுவும் மெஷினை ஓட்டிப்பார்க்கவில்லை, இரண்டாம் வாரம் கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர். ஒவ்வொரு குழாயையும் ஐந்து நிமிடம் திறந்துவிடுங்கள், எல்லா மெஷினையும் ஓட்டுங்கள், ஜன்னல் எல்லாம் பூட்டுகிறதா பாருங்கள், கீழ்மாடி என்றால் பால்கனிக் கதவின் பூட்டை இரண்டு தடவை. டேரியன் காப்பு 1, 2, 7 ஆண்டு என்று மூன்று அடுக்கு. வேலைக் குறைபாடுகள் முதலாண்டில், தண்ணீர் கசிவு, மின்சாரம், குழாய் இரண்டாண்டு வரை, பெரிய கட்டமைப்புக் குறை ஏழாண்டு வரை. படிவங்களுக்கு நாள் குறித்திருக்கும், அதைத் தவறவிட்டால் கெஞ்சியும் பலனில்லை. லாபி, கார் நிறுத்துமிடம் போன்ற பொது இடங்களுக்குக் கட்டடம் பதிவான 6 மாதத்திலிருந்து 10 மாதத்துக்குள் பொறியாளரோ கட்டடக் கலைஞரோ ஒருவர் ஆய்வு செய்ய வேண்டும், அதைச் செய்விப்பது நிர்வாகக் குழு. முதல் குழுவுக்கு ஆள் கேட்கும்போது கையைத் தூக்குங்கள், இல்லாவிட்டால் அங்கே வாழாமல் நாலு வீடு வாங்கி வைத்திருப்பவர்கள்தான் காவலுக்கு எவ்வளவு செலவழிப்பது என்று முடிவெடுப்பார்கள்.

சில இலக்கங்களைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிடுங்கள். பூங்காவில் ஊசி கிடந்தால் 311. ஒருவர் மனநெருக்கடியில் தவிக்கிறார், யாருக்கும் ஆபத்தில்லை என்றால் 211, பொலிஸ் இல்லாமல் பயிற்சி பெற்ற ஆட்கள் வருவார்கள். தட்டிக் கூப்பிட்டும் ஒருவர் அசையவில்லை என்றால் யோசிக்காமல் 911. போதை மருந்து அளவு மீறி மயங்கியவரை மீட்கும் நலோக்ஸோன் பெட்டி ஒன்ராறியோ மருந்தகங்களில் இலவசமாகவே கிடைக்கும், வாங்கும்போதே எப்படிப் பயன்படுத்துவது என்றும் காட்டித் தருவார்கள். லாபி மேசையில் ஒன்று இருக்கிறதா என்று குடியேறும் அன்றே கேளுங்கள். எங்கள் கட்டடத்தில் இருக்கவில்லை, முதல் கூட்டத்தில் நான் அதைக் கேட்டபோது பாதிப் பேர் முகம் சுளித்தார்கள், இப்போது பார்சல் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இரண்டு இருக்கின்றன.